ஸ்கேன் நார்மல் என்றால் வலி பொய்யா?

ஆசிரியர் அவர்களுக்கு,

மதுரையில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிசப்ஷனில் வேலை பார்க்கிறேன். வயிற்று வலி என்று பிள்ளைகளைக் கூட்டி வருகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "பாப்பா ஏதாவது சாப்பிட்டுச்சா?" என்பதுதான். "ஒண்ணும் இல்லம்மா, ஒரு கிளாஸ் பாலும் ரெண்டு பன்னும்தான்" என்பார்கள். பால் போனாலே பித்தப்பை சுருங்கி, உள்ளே இருக்கும் பித்தநீரைக் குடலுக்குத் தள்ளிவிடும். சுருங்கிய பைக்குள், வலிக்குக் காரணமான பித்தக்கல் இருக்கிறதா என்று தேடுவது கஷ்டம். நான்கு முதல் ஆறு மணி நேரம் வெறும் வயிறாக இருக்க வேண்டும் என்று சீட்டு எழுதும் இடத்திலேயே சொல்லிவிட்டால், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறவர்களை நான் திருப்பி அனுப்ப வேண்டியிருக்காது.

என் அக்கா மகள் கதை வேறு. பத்தாம் வகுப்பு படிக்கிறாள். பரோட்டா, பஜ்ஜி என்று எண்ணெய்ப் பண்டம் எது தின்றாலும் வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொள்ளும். குமட்டலோடு ஒரு மணி நேரம் சுருண்டு கிடப்பாள். வெறும் வயிற்றில் எடுத்த ஸ்கேனில் கல் இல்லை. வாய் வழியாகக் கேமரா குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கும் எண்டோஸ்கோப்பியும் நார்மல். "பரீட்சை பயம்" என்று ஒரு மருத்துவமனையில் கேஸ் மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். லீவு நாளில் பஜ்ஜி தின்றாலும் வலிக்கிறதே, அது என்ன பரீட்சை?

சாதாரண ஸ்கேன் பித்தப்பையின் உருவத்தைக் காட்டும். அது ஒழுங்காகச் சுருங்குகிறதா என்று பார்க்க ஹைடா ஸ்கேன் எடுக்க வேண்டும். ஊசி வழியாக ஏற்றும் கதிரியக்க மருந்து கல்லீரல் வழியாகப் பித்தப்பைக்குப் போகும். பிறகு பையைச் சுருங்க வைத்து, எத்தனை சதவீதம் வெளியேறுகிறது என்று அளப்பார்கள். பொதுவாக 35 சதவீதத்துக்குக் கீழே போனால் குறைவு. அவளுக்கு 18. குழந்தைகள் இரைப்பை குடல் நிபுணர் ஒருவரிடம் போன பிறகுதான் இந்தப் பேச்சே வந்தது.

அதற்காக உடனே கத்தியைத் தூக்கவும் கூடாது. அந்த 35 என்ற கணக்கே பெரியவர்களை வைத்து வந்தது. பித்தப்பையை எடுத்த பிறகும் வலி தீராத பிள்ளைகள் உண்டு. டைபாய்டுக்கு செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசி போட்டவர்களில் சிலருக்குப் பித்தப்பையில் கல் போலவே படியும். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் தானாகக் கரைந்துவிடும். அரிவாள் செல் ரத்தசோகை, தலசீமியா போன்ற பரம்பரை ரத்த நோய் உள்ள பிள்ளைகளுக்கு நிஜக் கல்லே வரலாம். இதையெல்லாம் பிரித்துப் பார்க்க ஆள் வேண்டும். அக்கா மகளுக்குக் கொழுப்பைக் குறைத்துப் பார்த்தும் கேட்காததால்தான் சிறு துளை போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பையை எடுத்தார்கள். இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாள்.

மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் வாரம் ஒரு நாளாவது குழந்தைகள் இரைப்பை குடல் நிபுணர்கள் வந்து பார்க்க சுகாதாரத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மதுரை