சரசோட்டாவில் பார்த்த கல்லூரி

அன்புள்ள சண்முகம்,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் நிம்மதி. சொட்டு மருந்தை நேரத்துக்கு விட்டுக்கொள். உன் சோம்பேறித்தனம் எனக்குத் தெரியும்.

நான் இன்னும் ஃப்ளோரிடாவில் மகள் வீட்டில்தான். போன வாரம் கடல் பார்க்க சரசோட்டாவுக்குக் கூட்டிப்போனாள். அங்கே வளைகுடாவை ஒட்டி இளஞ்சிவப்புப் பளிங்கில் ஒரு மாளிகை. சர்க்கஸ் நடத்திய ரிங்லிங் சகோதரர்களில் சார்லஸ் என்பவரின் வீடாம். இப்போது அது நியூ காலேஜ் ஆஃப் ஃப்ளோரிடா என்ற அரசுக் கல்லூரியின் கட்டடம். முப்பது வருஷம் கல்லூரி ஆபீசில் கோப்பு பார்த்தவன் சும்மா தாண்டிப் போவேனா? ராத்திரி உட்கார்ந்து அதன் கதையைத் தேடிப் படித்தேன்.

1960ல் தனியார் கல்லூரியாகத் தொடங்கியது. 1964ல் முதல் மாணவர்கள் வந்து இறங்கியபோது, புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஐ.எம். பெய் வடிவமைத்த விடுதி கட்டி முடியவில்லை. கடற்கரை ஹோட்டலில் தங்கவைத்தார்கள்! அங்கே அப்போது மார்க் கிடையாது. மாணவன் எதைப் புரிந்துகொண்டான், எங்கே தடுமாறினான் என்று ஒவ்வொரு பாடத்துக்கும் ஆசிரியர் எழுதித் தர வேண்டியிருந்தது. உனக்கு எழுதியிருந்தால் ஒரே வரிதான்: வகுப்புப் பக்கம் காணோம்.

காசுதான் கட்டுப்படியாகவில்லை. 1975ல் கடன் கழுத்தை நெரிக்க, மாநில அரசு எடுத்துக்கொண்டு, தாம்பாவில் உள்ள தென் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தோடு சேர்த்தது. கூடுதல் செலவுக்கு ஓர் அறக்கட்டளை தனியே நிதி திரட்டிக் கொடுத்ததால் மார்க் இல்லாத முறை பிழைத்தது. 2001ல் சட்டமன்றம் அதைப் பிரித்து, மாநிலத்தின் 11வது அரசுப் பல்கலைக்கழகமாக்கியது. சில நூறு பேர் மட்டும் படிக்கும் இடத்துக்குத் தனி நிர்வாகக் குழு! 'டிரஸ்டி'கள் என்கிறார்கள். அறங்காவலர் என்று எழுதினால் உனக்குக் கோயில்தான் ஞாபகம் வரும்.

2020ல் வேறொரு பெரிய பல்கலைக்கழகத்தோடு இணைக்க ஒரு மசோதா வந்து, நிறைவேறாமல் போனது. அதில் தப்பித்தது, 2023ல் மாட்டியது. குழுவின் 13 பேரில் ஆறு பேரை நியமிப்பவர் ஆளுநர். அங்கே ஆளுநர் என்றால் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர். அந்த ஜனவரியில் ஆளுநர் டிசாண்டிஸ் ஒரே வீச்சில் ஆறு புது ஆட்களைப் போட்டார். மாதம் முடிவதற்குள் குழுவினர் கல்லூரித் தலைவரை நீக்கிவிட்டு, மாநிலச் சட்டமன்றத்தின் முன்னாள் சபாநாயகர் ரிச்சர்ட் கோர்கோரனை இடைக்காலத் தலைவராகக் கொண்டுவந்தார்கள். ஆகஸ்டில், ஆண் பெண் வேறுபாடுகளைச் சமூகம் எப்படிப் பார்க்கிறது என்று ஆராயும் பாலினவியல் படிப்பை மூட ஓட்டெடுத்தார்கள். ஆசிரியர்கள் நிறையப் பேர் கிளம்பிப் போனார்கள். இதைச் சீர்திருத்தம் என்பவர்களும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இதை ஏன் உனக்கு இவ்வளவு நீட்டி எழுதுகிறேன் தெரியுமா? தன்னாட்சி மட்டும் வந்துவிட்டால் எவனும் உள்ளே கை வைக்க முடியாது என்று டீக்கடையில் மேஜையைத் தட்டுவாயே! இங்கே கை நுழைந்ததே 2001ல் கொடுத்த தனிக் குழு வழியாகத்தான். தென் ஃப்ளோரிடாவின் ஒரு மூலையிலேயே கிடந்திருந்தால், ஆறு பேரை மாற்றி இவ்வளவு செய்திருக்க முடியுமா? நீ என்ன சொல்கிறாய்? கண் சரியானதும் எழுது.

அப்புறம், மகள் உனக்காக ஒரு குளிர்கண்ணாடி வாங்கி வைத்திருக்கிறாள். அடுத்த மாதம் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
ராமு