ஓரத்தில் பென்சிலால் எழுதியவருக்கு

அன்புடையீர், வணக்கம்.

நாங்கள் கற்பனையில் படைத்த அளக்கர் என்னும் சதுப்புநிலக் குடியைப் பற்றிய கையேடு எங்கள் கையைவிட்டுப் போயிருந்தது. உங்கள் பிரதிகளிலிருந்து அது முழுசாகத் திரும்பி வந்துவிட்டது. 112 பக்கமும். வராமல் இருந்த கடைசி 7 பக்கங்கள் நேற்று மாலை வந்து சேர்ந்தன. என்ன நடந்தது என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைத் திரும்ப எழுதக் கை வரவில்லை. நன்றி சொல்லத்தான் இந்த மடல். ஆறப்போட்டால் சொல்லில் சூடு போய்விடும் என்று உடனே எழுதுகிறோம்.

தங்கள் பிரதியைப் பிரித்துப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பியவர்களுக்கும், இரவு விழித்துத் தட்டச்சு செய்தவர்களுக்கும், இரண்டு பிரதிகளை வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்தவர்களுக்கும், ஓடைகளின் வரைபடத்தை நினைவிலிருந்தே மறுபடி வரைந்து தந்தவருக்கும் கைகூப்புகிறோம். நீங்கள் இல்லையென்றால் இந்தக் கற்பனைக் குடி போன இடம் தெரியாமல் போயிருக்கும். கடல், சேறு, உப்பளம் என்று மூன்றுக்கும் பெயரான ஒரு பழஞ்சொல்லை அவர்களுக்குச் சூட்டியிருந்தோம். அந்தப் பெயர் மட்டுமே மிஞ்சியிருக்கும்.

இனி இந்த மடலில் பெரும்பகுதி ஒருவருக்கே. அவர் யாரென்று தெரியவில்லை.

வந்த பிரதிகளில் ஒன்றுக்கு மூலைகள் எல்லாம் மடங்கியிருந்தன, முதுகில் துணிநாடா ஒட்டியிருந்தது. உறையில் அனுப்புநர் பெயர் கிடையாது. அதன் 41ஆம் பக்கத்தில், சாவுச் சடங்கு தொடங்கும் இடத்தில், இடது ஓரத்தில் பென்சிலால் சிறிதாக எழுதியிருந்தது:

‘கல் ஏது? மூன்றாம் நாள் மிதக்குமே.’

அடியில் தீப்பெட்டி அளவில் ஒரு படம். ஒரு பாய்ச்சுருள், அதன் மேல் பெருக்கல் குறிபோல் இரண்டு முளைகள். அவ்வளவுதான்.

அந்தப் பக்கத்தில் நாங்கள் எழுதி வைத்திருந்தது இது: இறந்தவரைக் கோரைப்பாயில் சுற்றி, கல்லைக் கட்டி, பொழுது சாயும் நேரத்தில் சேற்றில் இறக்குவார்கள், சேறு தாய்வயிறு, வாங்கிக்கொள்ளும். படித்த எல்லோருக்கும் பிடித்திருந்த பகுதி. யாரும் கை வைத்ததில்லை. அதில் மூன்று தவறுகள் இருந்தன.

முதலாவது, கல். அளக்கர் வாழ்வது ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல்மேல். ஆறு ஓட்டம் தளர்ந்து பரவும் இடத்துக்கு வருவதற்குள் கல்லையெல்லாம் மேலேயே போட்டுவிட்டு வந்துவிடும். சதுப்பில் எங்கே தோண்டினாலும் களி, வேர், மட்காத செடிகொடி சேர்ந்து இறுகிய பீட் என்னும் கருஞ்சேறு. கல் வேண்டுமென்றால் படகில்தான் வரவேண்டும். வலைக்குண்டைக்கூடச் சுட்ட மண்ணில் செய்கிற குடி அது. 23ஆம் பக்கத்தில் நாங்களே எழுதியிருக்கிறோம். 18 பக்கம் தள்ளி ஒவ்வொரு சாவுக்கும் ஒரு கல்லைக் கட்டி விட்டிருக்கிறோம்!

இரண்டாவது, மிதப்பது. குடலில் இருக்கும் நுண்ணுயிர்களின் வேலை சாவோடு நின்றுவிடுவதில்லை. அவை உண்டாக்கும் வாயு வயிற்றிலும் மார்பிலும் சேர்ந்து உடலை ஊதவைக்கும். நீருக்குள் ஒரு லிட்டர் வாயு ஏறக்குறைய ஒரு கிலோவைத் தூக்கும். வெதுவெதுப்பான நீரில் சில நாளில் உடல் மேலே வந்துவிடும், குளிர்ந்த நீரில் வாரக்கணக்காகும், நீர் 4 டிகிரிக்குக் கீழே இருந்தால் அழுகலே ஏறக்குறைய நின்றுபோகும். அளக்கர் நாடு வெப்ப நாடு. பென்சில் சொன்னது சரி.

மூன்றாவதைப் பென்சில் சொல்லவில்லை. அந்த இழையைப் பிடித்து இழுத்தபோது தானாக வந்தது. சேறு யாரையும் விழுங்காது. சேறு தண்ணீரைவிடக் கனம். ஆள் உடம்போ கிட்டத்தட்டத் தண்ணீரின் கனம்தான். கனமானதற்குள் லேசானது எப்படி அமிழும்? சேற்றில் மாட்டியவர் இடுப்பளவோடு நின்றுவிடுவது அதனால்தான். அங்கே ஆளைக் கொல்வது காலை விடாத பிடியும் ஏறிவரும் நீரும். சதுப்புநிலத்தை வைத்துக் கதை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வழுக்கும் இடம் இது. நாங்களும் வழுக்கியிருக்கிறோம்.

அந்தத் தீப்பெட்டிப் படம் எங்கிருந்து வந்தது என்பது பிறகுதான் பிடிபட்டது. அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் டைட்டஸ்வில் ஊருக்கு அருகே விண்டோவர் என்ற இடத்தில், 1982இல் சாலை போடுவதற்காகக் குளம் ஒன்றைத் தோண்டியபோது மண்டையோடுகள் வெளிப்பட்டன. அகழாய்வில் 168 பேரின் எச்சங்கள் கிடைத்தன. 7,000 ஆண்டுகளுக்கும் மேல் பழையவை. உடலை மடக்கி, துணியில் சுற்றி, குளத்தடிப் பீட் சேற்றில் வைத்து, துணி வழியாக மரமுளைகளை இறக்கியிருந்தார்கள். உடல் மேலே வராமல் இருக்கத்தான் என்று கருதுகிறார்கள். கல் தேவையில்லை. மரம் போதும்.

முளை என்றால் கூர் சீவி நடும் கொம்பு. முளை என்றால் துளிர். நம் மொழியில் இரண்டும் ஒரே சொல். இதைவிட என்ன வேண்டும்? 41ஆம் பக்கத்தை அந்தச் சொல்லிலிருந்தே மறுபடி எழுதினோம். எழுதியதைச் சற்று விரிவாகச் சொல்கிறோம், பென்சிலைப் பிடித்த அந்தக் கைக்குத் தெரியவேண்டும் என்பதற்காக.

முளை வெட்டுவது பூவரசில். அது ஈரமும் உப்பும் தாங்கும், பச்சைக் கொம்பாக நட்டாலும் பிழைக்கும். மணிக்கட்டுப் பருமன், ஆறு முழ நீளம்: சேற்றுக்குள் மூன்று முழம், நீரில் ஒன்றரை, நீருக்கு மேலே ஒன்றரை. சீவ வேண்டியது அடிப்பக்கத்தை. நுனி மெல்லியது, சீவவும் எளிது, இறங்கவும் எளிது. ஆனால் அப்படி இறக்கினால் கொம்பு தலைகீழாகிவிடும், தலைகீழாக நட்ட கொம்பு வேர்பிடிப்பது அரிது. ஆகவே நுனியைச் சீவுவது அளக்கரிடம் பெருங்குற்றம். சீவியவர் கையால் ஓராண்டுக்கு யாரும் சோறு வாங்கமாட்டார்கள்.

முளையை அடித்து இறக்கக்கூடாது. பச்சைக் கொம்பின் தலை பிளந்தால் அந்தப் பிளவில் நீர் இறங்கி அழுகும். குறுக்கே ஒரு கழியைக் கட்டி, இரண்டு பேர் இருபுறமும் தொங்கி, அசைத்து அசைத்து இறக்குவார்கள். பீட் சேற்றில் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும். அது பிடிப்பு அல்ல, பிடுங்கினால் கையோடு வந்துவிடும். அதற்கும் கீழே சாம்பல் நிறக் களி இருக்கிறது. முளை அதைத் தொட்டதும் நடுக்கம் நின்று ‘பட்’டென்று இறுகும். அந்த இறுக்கம் கைக்குத் தெரியும்வரை யாரும் வாய் திறக்கமாட்டார்கள். மூன்று முழத்துக்குள் களி தட்டாத இடம் இடுகாட்டுக்கு ஆகாது.

இரண்டு முளைகளைச் சாய்த்துக் குறுக்காக இறக்கவேண்டும். நேராக நட்டால் பாய் முளையோடு வழுகி மேலே ஏறிவிடும். குறுக்காக நட்டால் தூக்கத் தூக்க முளைகள் ஒன்றையொன்று இறுக்கிக்கொள்ளும். நெஞ்சுக்கு ஒரு சோடி, முழங்காலுக்கு ஒரு சோடி. முளைகள் பாயைத்தான் பிடிக்கும், உடலைத் தொடக்கூடாது. பாயும் நெருக்கமாக முடைந்ததாக இருக்கக்கூடாது. விரல் நுழையும் இடைவெளி வேண்டும். மூத்தவருக்கு மரியாதை என்று நல்ல பாயாக, இறுக்கமான பாயாக எடுத்துவிட்டால் வாயு வெளியேற வழியில்லாமல் அதுவே தோல்பைபோல் உப்பும். அப்போது நாலு முளை போதாது.

நீரில் நிற்கும் முளைகளில் பல அழுகித்தான் போகும். எப்போதாவது ஒன்று துளிர்க்கும். துளிர்த்தால் இறந்தவர் தன் இடத்தை ஏற்றுக்கொண்டார் என்று பொருள். அந்த மரத்தில் யாரும் படகு கட்டமாட்டார்கள். துளிர்க்காவிட்டால் குறை ஒன்றுமில்லை. இதை இரண்டு தடவை அழுத்தி எழுதியிருக்கிறோம். அரிதாக நடப்பது ஒன்றைக் கட்டாயமாக்கினால் எந்தச் சடங்கும் நிலைக்காது.

இந்தச் சடங்கிலிருந்தே துக்கம் காக்கும் வழக்கமும் பிறந்தது. முன்பு 16 நாள் என்று எழுதியிருந்தோம். ஏன் 16 என்று யாராவது கேட்டிருந்தால் சொல்ல எங்களிடம் காரணம் இல்லை. இப்போது அது மூச்சு எண்ணுதல். விடியலில் வீட்டார் ஒருவர் முளையருகே படகை நிறுத்தி, ஒரு வலை இழுக்கும் நேரம் அசையாமல் உட்கார்ந்து, மேலே வரும் குமிழிகளை எண்ணுவார். அது இறந்தவர் விட்டுத் தீர்க்கும் மூச்சு. தொடர்ந்து மூன்று விடியல் குமிழி வராவிட்டால் துக்கம் முடிந்தது. கோடையில் சீக்கிரம் முடியும், குளிர்காலத்தில் நீளும். ‘குளிரில் செத்தவருக்குச் சொல்ல நிறைய இருக்கும்’ என்பது அவர்கள் பழமொழி.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. சதுப்பில் எங்கே கிளறினாலும் குமிழி வரும், சாவுக்கும் அதற்கும் தொடர்பு இருக்காது. படகைக் கழி ஊன்றித் தள்ளிக்கொண்டு போனால் பொய்மூச்சு கிளம்பிவிடும். ஆகவே துக்கப் படகுக்குக் கழி கிடையாது, துடுப்பு மட்டும். நீரைச் சலசலக்கவிடாமல் துடுப்பை எடுக்கத் தெரிந்தவரே எண்ணப் போகலாம். எட்டு வயதுப் பெண்குழந்தை அதில் தேர்ந்தவளாக இருந்தால் அவள்தான் போவாள்.

இன்னொன்றையும் கைவிட்டோம். முன்னோரின் முகம் சேற்றில் அழியாமல் இருக்கும் என்று ஒரு நம்பிக்கை எழுதியிருந்தோமே, அதை. டென்மார்க்கில் 1950இல் பீட் வெட்டியவர்கள் கண்டெடுத்த டோலுண்ட் மனிதரின் முகம் அப்படி மிஞ்சியதுதான். 2,000 ஆண்டுகளுக்கும் மேல் ஆகியும், அண்மையில் நடந்த கொலை என்று நினைத்துக் காவல்துறைக்குச் சொல்லியனுப்பும் அளவுக்குத் தெளிவாக இருந்தது. ஆனால் அதற்குக் குளிர் வேண்டும், ஸ்பாக்னம் பாசியின் அமிலம் வேண்டும், உயிர்க்காற்று புகாத சேறு வேண்டும். அளக்கர் நாட்டில் மூன்றாவது மட்டும்தான் உண்டு. விண்டோவரில் தோல் நிற்கவில்லை, பல மண்டையோடுகளுக்குள் மூளைத் திசு நின்றிருந்தது. ஆகவே அளக்கர் இப்போது சொல்வது: ‘முகம் கரையும், நினைப்பு கரையாது.’ இறந்தவரின் உருவத்தைச் செதுக்குவதும் வரைவதும் நின்றுபோயின. அவர் சொன்ன வழியை, அவர் கண்ட மீன்கிடையைச் சொல்லிக் கும்பிடுகிறார்கள்.

வெள்ளக் காலத்துச் சாவுக்கு முளை நட முடியாது. பரண் கட்டி வைத்து, நீர் வடிந்தபின் எலும்பைப் பாயில் சுற்றி இறக்குவதாக எழுதியிருக்கிறோம். எலும்பு தானே அமிழும்.

பென்சில்காரரே, உங்கள் வரிக்குப் பிறகு மற்றவர்கள் அனுப்பிய குறிப்புகளையும் வேறு கண்ணோடு படித்தோம். கோடையில் நிலத்தில் நெருப்பு மூட்டக்கூடாது என்ற விலக்குக்குக் காரணம் ‘நிலத்தாயின் கோபம்’ என்று விட்டிருந்தோம். ஒருவர் காரணம் எழுதி அனுப்பினார்: காய்ந்த பீட் அடியிலேயே பற்றிக்கொண்டு வாரக்கணக்காகப் புகையும், மேலே ஊற்றும் தண்ணீர் அதை எட்டாது. ஆகவே அடுப்பு எப்போதும் நாலு விரல் கனக் களிப்பலகைமேல். நாணல் தெப்பம் சில மாதங்களில் நீர் ஊறிக் கனத்துவிடும், ஆண்டு முழுக்க ஓட்டாதீர்கள் என்றார் இன்னொருவர். மரமோ ஆணியோ இல்லாமல் நாணற்கட்டுகளை வளைத்தே பெரிய கூடம் எழுப்பும் தென் ஈராக்கியச் சதுப்பு மக்களின் முறையைப் படமாகவே போட்டு அனுப்பினார் மற்றொருவர். கொள்ளிவாய்ப் பிசாசை எங்கே வைப்பது என்று கேட்டவருக்கும் நன்றி. குமிழியில் வரும் அதே மூச்சு தீயாகும் இரவு அது என்று இடம் கொடுத்துவிட்டோம்.

இனி கையேட்டின் ஒவ்வொரு பிரதியிலும் இடது ஓரம் மூன்று விரல் அகலம் வெறுமையாக இருக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிரதிகளைத் திரும்ப வாங்கி ஓரங்களைப் படிப்போம். இது வாக்கு.

உங்கள் பிரதி எங்களிடம் பத்திரமாக இருக்கிறது. பென்சில் எழுத்து தேயாதபடி 41ஆம் பக்கத்துக்கு மேல் மெல்லிய தாள் வைத்திருக்கிறோம். எப்போது கேட்டாலும் தருவோம். அதற்கு முன் ஒன்று சொல்லவேண்டும். 58ஆம் பக்கத்தில், கோரையை எரித்துச் சாம்பலைக் கரைத்து வடித்துக் காய்ச்சி உப்பு எடுக்கும் இடத்தில், ‘உப்பு’ என்ற சொல்லுக்கு அருகே ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறீர்கள். நன்னீர்ச் செடியின் சாம்பலில் கிடைப்பது பெரும்பாலும் பொட்டாசியம் உப்பு, கைக்கும். அதைத்தான் கேட்கிறீர்களா, வேறு ஏதாவதா?

அன்புடன்,
அளக்கர் கையேட்டுக் குழுவினர்