ஏர்ஹோஸ்டஸ் வேலைக்கு நகையை அடகு வைக்கத் தேவையில்ல

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல ஞாயித்துக்கெழம வேலைவாய்ப்பு பக்கத்துக்குக் கீழ 'ஏர்ஹோஸ்டஸ் ஆகலாம், 100 சதவீத வேலை உறுதி'ன்னு கலர்ல ஒரு ட்ரெயினிங் இன்ஸ்டிடியூட் விளம்பரம் போடுறீங்கல்ல, அதைப் பத்தித்தான் எழுதுறேன். நான் குமுளியில ஜீப் ஓட்டுறேன், கம்பத்துல இருந்து ஏலத்தோட்டத்துக்கு வேலையாள் ஏத்திட்டு வர்ற ஜீப்பு. அதுல வர்ற பொம்பளைங்க அந்த விளம்பரத்தை வெட்டி பர்ஸுக்குள்ள மடிச்சு வச்சுக்கிட்டு, அண்ணே மகளைச் சேக்கணும் எங்க கடன் கெடைக்கும்னு என்கிட்ட கேக்குறாங்க. தோட்டத்துல காய் எடுத்து சம்பாதிக்கிற கூலியில ரெண்டு லட்சம் ஃபீஸ் கட்டணும்னா எப்படி கட்டுவாங்க, தோடு மூக்குத்தி வரைக்கும் அடகுக்குப் போவுது.

எந்த ஏர்லைன்ஸும் அந்த இன்ஸ்டிடியூட் கோர்ஸைக் கேக்கறதே இல்லங்கய்யா. என் அக்கா மக இப்ப ஒரு விமான கம்பெனியில கேபின் க்ரூ, அதான் ஏர்ஹோஸ்டஸ் வேலை, அதுக்கான ட்ரெயினிங்ல இருக்கா, எந்த இன்ஸ்டிடியூட்டுக்கும் பத்து பைசா கட்டல. தாய்மாமன்ங்கற முறையில இன்டர்வியூவுக்கு கூட்டிட்டுப் போனது நான்தான், அதனால உள்ள என்ன நடக்குதுன்னு அவ சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம் ஆயிருச்சு.

படிப்பு பிளஸ் டூ பாஸ் பண்ணிருந்தா போதும், வயசு 18 ஆகிருக்கணும். நம்ம நாட்டு கம்பெனிங்க புதுசா சேர்றவங்களை பெரும்பாலும் 27 வயசு வரைக்கும் எடுக்குறாங்க. பொண்ணுங்களுக்கு உயரம் 155 சென்டிமீட்டர் கேப்பாங்க. பாஸ்போர்ட் இருக்கணும், யூனிஃபார்ம் போட்டா வெளிய தெரியற எடத்துல டாட்டூ இருக்கக்கூடாது. எமிரேட்ஸ் மாதிரி வெளிநாட்டு கம்பெனின்னா 21 வயசு, 160 சென்டிமீட்டர், அதோட குதிகாலைத் தூக்கி நின்னு 212 சென்டிமீட்டர் உயரத்தைக் கையால தொடணும். சீட்டுக்கு மேல இருக்கற லாக்கர்ல தீயணைக்கிற சிலிண்டர் மாதிரி அவசர சாமான் இருக்கும், அது கைக்கு எட்டணும்ல, அதுக்குத்தான் இந்த அளவு. பொண்ணுங்கன்னு மட்டும் இல்ல, பசங்களையும் எடுக்குறாங்க, நம்ம பக்கத்துல பல பேருக்கு இது தெரியவே தெரியாது.

இன்டர்வியூ எங்க எப்பன்னு அந்தந்த கம்பெனியோட வெப்சைட்லயே போட்டுடுறாங்க. நாங்க குட்டிக்கானம் முண்டக்கயம் வழியா ராத்திரியோட ராத்திரியா கொச்சி போய்ச் சேந்தோம், விடியறதுக்குள்ள அந்த ஓட்டல் வாசல்ல பெரிய லைன். மொதல்ல சர்ட்டிஃபிகேட் பாக்குறாங்க, உயரம் அளக்குறாங்க, எடை பாக்குறாங்க, கையில முகத்துல தழும்பு இருக்கான்னு பாக்குறாங்க, இங்கயே பாதி பேர் வெளிய வந்துடுறாங்க. அப்புறம் நாலு பேர் முன்னாடி நடந்து வந்து தன்னைப் பத்தி ரெண்டு நிமிஷம் இங்கிலீஷ்ல பேசணும். அதைத் தாண்டுனா குரூப் டிஸ்கஷன், அதுல சத்தமா நெறையப் பேசுறவளைத்தான் எடுப்பாங்கன்னு நான் நெனச்சேன், ஆனா அடுத்தவ பேசுறதைக் காது குடுத்து கேக்குறாளா, பயந்து ஒதுங்கி ஒக்காந்திருக்கற பிள்ளையையும் பேச விடுறாளான்னு கவனிச்சு மார்க் போடுறாங்களாம். கடைசியாத்தான் தனி இன்டர்வியூ, அதுலயும் தேறுனா மெடிக்கல், கண்ணு காது ரத்தம் ஈ.சி.ஜி எல்லாம்.

அந்தத் தனி இன்டர்வியூவைப் பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும். ஏன் இந்த வேலைக்கு வர்றேன்னு கேட்டா, இன்ஸ்டிடியூட்ல படிச்ச பிள்ளைங்க எல்லாம் ஒரே பதிலைச் சொல்லுதாம், உலகத்தைச் சுத்திப் பாக்கணும் புது மனுஷங்களைப் பாக்கணும்னு, எழுதிக் குடுத்ததை அப்படியே. எங்க பிள்ள தேக்கடியில ஒரு மசாலா கடையில கவுன்டர்ல வேலை பாத்தவ. சீசன்ல வெள்ளைக்காரங்க வருவாங்க, டெல்லிக்காரங்க வருவாங்க, பில்லுல சண்டை போடுறவங்க, ஏலக்காயை மோந்து பாத்துட்டு வாங்காமப் போறவங்க, படகுல போயிட்டு வந்து தலை சுத்துதுன்னு கடை வாசல்ல ஒக்காந்துருக்கற பாட்டி, எல்லாரையும் சமாளிச்சுருக்கா. கோவப்படுற கஸ்டமரை என்ன பண்ணுவன்னு கேட்டப்ப கடையில நடந்ததையே சொல்லிருக்கா, தமிழ் மலையாளம் இங்கிலீஷ் மூணுலயும் மாத்தி மாத்தி பேசிக் காட்டச் சொல்லிருக்காங்க, பேசிருக்கா. எமிரேட்ஸ்லயெல்லாம் ஒரு வருஷமாவது கஸ்டமரோட பழகுற வேலை பாத்துருக்கணும்னே கேக்குறாங்க. குமுளி பிள்ளைங்களுக்கு அது வீட்டு வாசல்லயே கெடைக்குதுய்யா, ஹோம்ஸ்டே இருக்கு, ரிசார்ட் இருக்கு, மசாலா கடை இருக்கு. மூணு பாஷையும் வெளையாடுறப்பவே வந்துடுது. காசு கட்டி படிக்க வேண்டியது எதுவும் இல்ல, சம்பளம் வாங்கிக்கிட்டே கத்துக்கலாம்.

இங்கிலீஷ்தான் தடை, அதை நான் மறைக்கல. இவளை மொதல்ல போன எடத்துல சுய அறிமுகத்துலயே வெளிய அனுப்பிட்டாங்க. காரணம் சொல்ல மாட்டாங்க, நாங்க கூப்புடுறோம்னு சொல்லுவாங்க அவ்வளவுதான். பிள்ள ஜீப்புல ஒக்காந்து அழுதுட்டே வந்துச்சு, எனக்கு வண்டி ஓட்டவே கை வரல. இந்த மாதிரி நேரத்துலதான் இன்ஸ்டிடியூட்காரங்க பிடிச்சுக்குறாங்க. எங்க தெருவுல ஒரு பிள்ளைகிட்ட நடை சரியில்ல சிரிப்பு சரியில்ல எங்ககிட்ட வா சரி பண்ணித் தர்றோம்னு பேசி சேத்துட்டாங்க, ஒரு வருஷம் கழிச்சு 'வேலை உறுதி'ன்னு அவங்க அனுப்பி வச்சது மாலுல ஒரு துணிக்கடைக்கு. கேட்டா சர்வீஸ் லைன்தானேன்னு சொல்றாங்க. அந்தப் பிள்ளையோட அம்மா இன்னும் வட்டி கட்டிட்டு இருக்கு. கொச்சியில லைனுக்கு வெளிய என்கூட நின்ன, கேரளாவுல பாலாங்கற ஊர்க்கார சேட்டன் ஒருத்தரும் இதே கதையைத்தான் சொன்னார், அப்ப மலைக்கு ரெண்டு பக்கமும் இதே யாவாரம்தான் நடக்குது.

எங்க பிள்ள அப்புறம் வீட்டுல தெனமும் இங்கிலீஷ் பேப்பரை சத்தமா படிச்சா, கடைக்கு வர்ற டூரிஸ்ட்கிட்ட வேணும்னே பேச்சு குடுத்தா, மொபைல்ல தன் பேச்சை ரெக்கார்ட் பண்ணி தானே கேட்டா. ஹிந்தியும் கொஞ்சம் புடிச்சுக்கிட்டா. பொறவு எடுத்துட்டாங்க.

ட்ரெயினிங்கை கம்பெனியே குடுக்குது, செலக்ட் ஆன பெறகுதான் அது. கதவைத் தெறந்து சறுக்குற ஸ்லைடு வழியா குதிக்கிறது, புகைக்குள்ள நொழஞ்சு தீயை அணைக்கிறது, தண்ணியில விமானம் எறங்கிட்டா என்ன பண்றதுன்னு நீச்சல் குளத்துலயே பழக்குறாங்க, மூச்சு நின்னவங்களுக்கு நெஞ்சை அமுக்குறது. எந்தப் பெரிய விமானமா இருந்தாலும் பாதி கதவை மட்டும் வச்சு 90 செகண்டுக்குள்ள எல்லாரையும் எறக்க முடியணும்ங்கறதுதான் கணக்கு. இதையெல்லாம் எந்த ஊர் மாடி ரூம்ல நடக்குற இன்ஸ்டிடியூட்ல சொல்லித் தர முடியும், அங்க மேக்கப்பும் கொண்டையும்தான் சொல்லித் தருவாங்க.

தட்டு தூக்குற வேலைக்கா பிள்ளைய அனுப்புறன்னு சொந்தக்காரங்க கேட்டாங்க, அதுக்கும் இங்கயே பதில் சொல்லிடுறேன். 50 சீட்டுக்கு ஒரு கேபின் க்ரூ இருந்தே ஆகணும்னு விதி இருக்கு, அது சாப்பாடு குடுக்கறதுக்குப் போட்ட விதி இல்ல. 2024 ஜனவரி 2-ம் தேதி டோக்கியோ ஹனேடா ஏர்போர்ட்ல ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் ஓடுபாதையில இன்னொரு விமானத்தோட மோதி தீப்பிடிச்சுச்சு. அந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்துல இருந்த 379 பேரையும் உசுரோட எறக்குனாங்க, எந்தக் கதவைத் தெறக்கணும் எதைத் தெறக்கக்கூடாதுன்னு நின்னு முடிவு பண்ணது அந்த க்ரூ பிள்ளைங்கதான். 1986-ல கராச்சியில கடத்தல்காரங்க பிடிச்ச பான் ஆம் விமானத்துல பயணிகளைக் காப்பாத்தப் போய் உயிரை விட்ட ஏர்ஹோஸ்டஸ் நீரஜா பனோட்டுக்கு நம்ம நாடு அசோக சக்ரா குடுத்துச்சு, அப்ப அந்தப் பிள்ளைக்கு 23 வயசு கூட முழுசா ஆகல.

அதனால ஐயா, உங்ககிட்ட கேக்கறது இதுதான். வேலை உறுதின்னு சொல்ற விளம்பரத்தை வாங்கறதுக்கு முன்னாடி, போன வருஷம் எத்தனை பேரை எந்த ஏர்லைன்ஸ்ல சேத்தீங்கன்னு எழுத்துல கேளுங்க, குடுக்கலைன்னா போடாதீங்க. அதே பக்கத்துல ஒரு சின்னக் கட்டம் கட்டி, வயசு உயரம் படிப்பு இது மூணையும், ஆளெடுக்கறதுக்கு ஏர்லைன்ஸ் காசு வாங்கறதில்லங்கறதையும் போடுங்க, ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் யூனிஃபார்ம் டெபாசிட்னு யாராவது போன்ல பணம் கேட்டா அது மோசடின்னும் போடுங்க. வேலை கெடைச்ச பெறகு சில கம்பெனியில இத்தனை காலம் வேலையை விட மாட்டேன்னு பாண்ட் எழுதி வாங்குவாங்க, அதைப் படிச்சுப் பாத்துட்டு கையெழுத்துப் போடணும்னு அதுலயே ஒரு வரி சேத்துக்கங்க. காலேஜ் சேர்ற சீசனுக்கு முன்னாடி வந்தா நல்லாருக்கும், பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே இன்ஸ்டிடியூட்காரங்க எங்க பஸ் ஸ்டாண்டுல நோட்டீஸ் குடுக்க வந்துடுறாங்க.

இப்படிக்கு,
ஜீப் டிரைவர், குமுளி