குண்டூசியா, குப்பைத்தொட்டியா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நம்மவர்களின் ஆங்கில உச்சரிப்பு பற்றித் தங்கள் கல்விப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். கண்ணாடி முன் நின்று நாக்கைப் பழக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறது. மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷனில் 19 ஆண்டுகள் காதில் ஹெட்செட், காலடியில் பெடல் என்று உட்கார்ந்து, டாக்டர்கள் பேசியதை டைப் அடித்தவள் நான். பாதிச் சிக்கல் கேட்கிற காதில் இருக்கிறது.

குண்டூசிக்கும் ஆங்கிலத்தில் ‘பின்’, குப்பைத்தொட்டிக்கும் ‘பின்’. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுவதால் ஊசிப்பின், தொட்டிப்பின் என்றே வைத்துக்கொள்கிறேன். தொட்டிப்பின்னின் ஒலி தமிழனுக்கு வராது என்பது சும்மா. ‘தம்பி’ என்று சொல்லிப் பாருங்கள், அதில் இருக்கிறது. (இதற்கு நாக்கு எதற்கு? உதடு போதும்.)

ஆங்கிலேயர் ஊசிப்பின் என்னும்போது உதடு திறந்ததும் முதலில் மூச்சு ‘புஸ்’ஸென்று வருகிறது. ஏறக்குறைய 60 மில்லிசெகண்ட் கழித்துத்தான் குரல், அதாவது தொண்டையின் அதிர்வு, சேர்கிறது. தொட்டிப்பின்னில் உதடு திறந்த கையோடு குரல் வந்துவிடும். அவர் காது முக்கியமாகக் கவனிப்பது இந்த இடைவெளியைத்தான். நம் ‘ப’வில் அந்த மூச்சு கிடையாது. அதனால் நாம் ஊசிப்பின் என்று சொன்னால் அவர் காதில் தொட்டிப்பின் என்று விழுகிறது. 1964-இல் ஒலியியல் ஆய்வாளர்கள் லிஸ்கரும் ஆப்ராம்சனும் இந்த இடைவெளியை 11 மொழிகளில் அளந்தார்கள். தமிழும் அதில் ஒன்று.

நானே ஒன்று செய்து பார்த்தேன். ஆங்கிலேயர் ஒருவர் ‘ஸ்பின்’ என்று சொன்ன பதிவைக் கணினியில் திறந்து, முன்னால் இருந்த ‘ஸ்’ஸை வெட்டினேன். மிச்சத்தைப் போட்டுக் கேட்டால் எனக்குச் சந்தேகமே இல்லை, ஊசிப்பின். பிறந்ததிலிருந்து ஆங்கிலம் கேட்டு வளர்ந்த பேரன் பக்கத்தில் இருந்தான். “இல்ல பாட்டி, தொட்டி” என்றான். நாலு தடவை போட்டேன், நாலு தடவையும் அதேதான். ‘ஸ்’ முன்னால் வந்தால் ஆங்கிலேயரும் அந்த மூச்சை விடுவதில்லை. ஒரே ஒலி, இரண்டு காதுகள். யார் காது பழுது என்று சொல்வது?

அப்புறம், தொலைபேசி. பழைய லைன்களில் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை அதிர்வெண் உள்ள ஒலிதான் போகும். ‘ஸ்’ஸின் சீறலில் பெரும்பகுதி அதற்கு மேலே இருப்பதால், ‘ஸ்’ஸும் ‘ஃப்’பும் ஒன்றுபோல் விழும். ஒரு நோயாளியின் பெயரை ‘ஃப்’ போட்டு அடித்து நான் வாங்கிக் கட்டிக்கொண்டது இன்னும் மறக்கவில்லை. அதன்பின் சந்தேகம் வந்தால் கோடு போட்டு விட்டுவிடுவேன், ஊகிக்க மாட்டேன். ‘ஃபிஃப்டீனா ஃபிஃப்டியா’ என்று மருந்தின் அளவில் ஊகிக்க முடியுமா? மில்லர், நைஸ்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1955-லேயே 16 மெய்யொலிகளை இரைச்சலோடு சேர்த்துக் கேட்க வைத்துப் பார்த்தார்கள். குரல் உண்டா, மூக்கொலியா என்பது இரைச்சலிலும் ஓரளவு தப்பித்துவிடும். வாயில் எங்கே பிறந்த ஒலி என்பதுதான் முதலில் தொலையும். அதாவது ‘ம்’மை ‘ன்’ என்று கேட்பார்கள், ‘ஸ்’ என்று கேட்பது அபூர்வம். விமானிகள் எழுத்தைச் சொல்லாமல் ஆல்ஃபா, பிராவோ என்று முழுச்சொல்லாகச் சொல்வது இந்தத் தொல்லைக்காகத்தான்.

கண்ணாடிக்கு வருகிறேன். ஊசிப்பின்னுக்கும் தொட்டிப்பின்னுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும், கண்ணாடியில் என்ன தெரியும்? அதற்குப் பதில் ஒரு மெல்லிய காகிதத் துண்டை உதட்டுக்கு நேரே தொங்கவிடச் சொல்லுங்கள். ஊசிப்பின் சொல்லும்போது காகிதம் துள்ள வேண்டும், தொட்டிப்பின்னுக்கும் ஸ்பின்னுக்கும் பெரிதாக அசையக் கூடாது. முதல் நாள் எனக்கு மூன்றுக்கும் அசையவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டிரான்ஸ்கிரிப்ஷனிஸ்ட் ஒருவர்