பெருங்கப்பல்களின் பதிவேட்டையும் திறந்து பார்க்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராயல் கரீபியன் நிறுவனத்தின் மாபெரும் சுற்றுலாக் கப்பல்கள் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். கப்பலின் மேல்தளத்தில் உள்ள நீச்சல் குளங்களையும் நீர்ச்சறுக்குகளையும் விரிவாக விவரித்த அக்கட்டுரை, அந்நிறுவனம் எந்த வழியில் இவ்வளவு பெரிதாயிற்று என்பதையும், அந்த வளர்ச்சி கடலுக்கு என்ன செய்தது என்பதையும் தொடவில்லை. சென்னையிலிருந்தும் இத்தகைய கப்பல்கள் புறப்படத் தொடங்கிவிட்டதால், இவ்விரண்டையும் நம் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டும் என்று கருதியே இதை எழுதுகிறேன்.

நார்வேயைச் சேர்ந்த மூன்று கப்பல் நிறுவனங்கள் 1968-இல் கூட்டாகத் தொடங்கியது ராயல் கரீபியன். அட்லாண்டிக்கைக் கடப்பதற்காகக் கட்டப்பட்ட பழைய பயணிகள் கப்பல்களை மற்றவர்கள் சுற்றுலாவுக்கு மாற்றிக்கொண்டிருந்த காலத்தில், மயாமியிலிருந்து கரீபியன் தீவுகளுக்குச் செல்வதற்கென்றே புதிதாக வடிவமைக்கப்பட்ட 'சாங் ஆஃப் நார்வே' 1970-இல் பயணத்தைத் தொடங்கியது. பயணிகள் பெருகவே, 1978-இல் அந்தக் கப்பலை ஹெல்சிங்கியில் உள்ள கட்டுந்தளத்துக்குக் கொண்டுபோய் நடுவில் இரண்டாக வெட்டி, ஏறத்தாழ 26 மீட்டர் நீளமுள்ள புதிய பகுதியை இடையில் வைத்து இணைத்தார்கள். அந்நிறுவனம் செய்த புதுமைகளிலேயே துணிச்சலானது இதுதான் என்பது என் கருத்து.

ரிச்சர்ட் ஃபெய்ன் தலைமைப் பொறுப்புக்கு வந்த 1988-இலேயே, ஐந்து தளங்கள் உயரத்துக்குத் திறந்த நடுக்கூடத்துடன் 'சாவரின் ஆஃப் தி சீஸ்' வந்தது. அவர் 2022 வரை அப்பொறுப்பில் நீடித்தார். 1999-இல் வந்த 'வாயேஜர் ஆஃப் தி சீஸ்' கப்பலின் உள்ளே கடைத்தெரு ஒன்று நீண்டு கிடந்தது. கடலைப் பார்க்க முடியாத உள் அறைகளுக்கு அந்தத் தெருவை நோக்கிச் சன்னல்கள் வைத்தார்கள். இந்த யோசனையை முதலில் செயல்படுத்தியது ராயல் கரீபியன் அன்று. பின்லாந்தின் துர்க்கு நகரக் கட்டுந்தளம் 1990-லேயே 'சில்யா செரினேட்' என்ற பால்டிக் கப்பலில் இதைச் செய்து காட்டியிருந்தது. விளம்பரங்களில் நிறுவனத்தின் பெயர் மட்டுமே வருவதால், துர்க்குவின் பொறியாளர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் உரிய பெருமை பெரும்பாலும் அவர்களைச் சென்றடைவதில்லை.

அதே துர்க்குவில் உருவாகி 2009-இல் வந்த 'ஒயேசிஸ் ஆஃப் தி சீஸ்', கப்பலின் மேற்கட்டடத்தை இடவலமாக இரண்டாகப் பிளந்து, நடுவில் வானம் தெரியும்படி உயிருள்ள செடிகளைக் கொண்ட பூங்கா ஒன்றை அமைத்தது. உயரம் கூடினால் கப்பல் ஆடும் என்பதால், நீர்மட்டத்தில் அதன் அகலத்தை 47 மீட்டராக வைத்தார்கள். பால்டிக் கடலை விட்டு வெளியேற டென்மார்க்கின் பெரும் பாலம் ஒன்றின் கீழே சென்றாக வேண்டியிருந்ததால், தொலைநோக்கிக் குழாயைப் போல உள்ளே இறங்கும் புகைபோக்கிகளைப் பொருத்தினார்கள். 2024 சனவரியில் மயாமியிலிருந்து புறப்பட்ட 'ஐகான் ஆஃப் தி சீஸ்' 365 மீட்டர் நீளமும் 20 தளங்களும் கொண்டது. பயணிகள் ஏறத்தாழ 7,600 பேரும் ஊழியர்கள் 2,350 பேரும் அதில் செல்லலாம். அது ஒரு சிறு நகரமே. அவ்வளவு பேரின் கழிவுநீரும், எந்திர அறையில் தேங்கும் எண்ணெய் கலந்த நீரும் நாள்தோறும் சேர்ந்துகொண்டே இருக்கும்.

இந்நிறுவனத்தின் 'நார்டிக் எம்பிரஸ்' என்ற கப்பல் 1993-இல் பஹாமாஸ் அருகே எண்ணெய்க் கழிவைக் கடலில் விட்டுச் சென்றதை அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் விமானம் கண்டுபிடித்தது. கப்பல் லைபீரியாவில் பதிவு செய்யப்பட்டு, அந்நாட்டுக் கொடியின் கீழ் ஓடியது. கழிவு விடப்பட்டதும் அமெரிக்க எல்லைக்குள் அன்று. அதனால் அமெரிக்கா வழக்குத் தொடர முடியாது என்று நிறுவனம் வாதிட்டது. ஆனால், எண்ணெய்க் கழிவை என்ன செய்தார்கள் என்று கப்பலில் எழுதிவைக்க வேண்டிய எண்ணெய்ப் பதிவேட்டைப் பொய்யாக எழுதிக்கொண்டு அந்தக் கப்பல் மயாமி துறைமுகத்துக்குள் வந்திருந்தது. அந்தப் பொய்யை விசாரிக்கும் அதிகாரம் தங்களுக்கு உண்டு என்று அங்குள்ள நீதிமன்றம் கூறிவிட்டது. இந்த வழக்கிலும் இதுபோன்ற மற்ற வழக்குகளிலும் குற்றத்தை ஒப்புக்கொண்ட நிறுவனம், 1998-இல் 90 இலட்சம் டாலரும் 1999-இல் 1 கோடியே 80 இலட்சம் டாலரும் அபராதம் செலுத்தியது.

அந்த 'நார்டிக் எம்பிரஸ்' நமக்கு அந்நியமானதன்று. பின்னர் 'எம்பிரஸ் ஆஃப் தி சீஸ்' எனப் பெயர் மாற்றப்பட்ட அக்கப்பலை, கொரோனா காலத்தில் பெரும் நட்டத்தைச் சந்தித்த ராயல் கரீபியன் விற்றுவிட்டது. அதுவே கார்டிலியா என்ற இந்தியச் சுற்றுலாக் கப்பல் நிறுவனத்தின் 'எம்பிரஸ்' ஆகி, 2022 சூனில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் கொடியசைக்கச் சென்னையிலிருந்து புறப்பட்டது; மறு ஆண்டு அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை வரை சென்றுவந்தது. முந்தைய உரிமையாளரின் காலத்தில் நடந்த தவற்றை இன்றைய நிறுவனத்தின் மீது சுமத்துவது நியாயமாகாது. சுற்றுலாக் கப்பல்கள் வருவதால் டாக்சி ஓட்டுநர் முதல் காய்கறி வணிகர் வரை பலருக்கும் வருவாய் கிடைக்கிறது என்பதால், அவற்றை நான் வரவேற்கவும் செய்கிறேன். கொடி எந்த நாட்டினுடையதாக இருந்தாலும், உள்ளே வரும் கப்பலின் பதிவேட்டைத் திறந்து பார்க்கத் துறைமுகத்தால் முடியும் என்பதே மயாமி வழக்கிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

பன்னாட்டு விதிகளின்படி, கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால், ஓடிக்கொண்டிருக்கும் கப்பல் சுத்திகரிக்கப்படாத கழிவுநீரையும் குறிப்பிட்ட வேகத்தில் வெளியேற்றலாம். பால்டிக் கடலிலும் அலாஸ்காவிலும் பயணிகள் கப்பல்களுக்கு இதைவிடக் கடுமையான விதிகள் உள்ளன. ஐகான் பயன்படுத்தும் திரவ இயற்கை எரிவாயுவால் கந்தகப் புகை ஏறக்குறைய இல்லாமலாகிறது என்பது உண்மை. அந்த எரிவாயுவின் பெரும்பகுதியாக இருந்து, எந்திரத்தில் எரியாமல் நழுவும் மீத்தேன், இருபது ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட எண்பது மடங்குக்கும் மேலாக வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது என்பதும் உண்மை. ஒன்றை எழுதும்போது மற்றொன்றையும் எழுதுவதே முறை.

சென்னைக்கு வரும் சுற்றுலாக் கப்பல்கள் எவ்வளவு கழிவைக் கரையில் ஒப்படைக்கின்றன, அவற்றின் பதிவேடுகள் எத்தனை முறை சோதிக்கப்படுகின்றன என்ற விவரங்களைத் துறைமுக நிருவாகம் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். தங்கள் செய்தியாளர்கள் இந்த விவரங்களைக் கேட்டுப் பெற்று வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். காசிமேட்டிலிருந்து நாள்தோறும் கடலுக்குச் செல்லும் மீனவர்களுக்கு அவற்றைத் தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
இராயபுரம், சென்னை