ஸ்நோ கொட்டட்டும், பிறகு வருகிறேன்

அன்பு மகனுக்கு,

நீ கேட்டதற்குப் போனிலேயே பதில் சொல்லியிருப்பேன், என்னைக் கதைக்க விட்டால்தானே. குளிர் தொடங்கமுதல் மெல்பேர்னுக்கு வந்துவிடு, அங்கே தனியாக என்ன செய்யப்போகிறாய் என்கிறாய். வருகிறேன், இப்போது இல்லை. ரொறன்ரோவில், எங்கள் ஸ்காபரோப் பக்கம், வருடத்திலேயே நல்ல மாதம் ஒக்டோபர்தான். அதை விட்டுவிட்டு வரச் சொல்கிறாயே!

முதலில் மீன். செப்டெம்பர் கடைசியில் ஒரு பெருமழை பெய்து ஹைலண்ட் கிரீக் ஓடையில் தண்ணீர் ஏறியதும், ஒன்ராறியோ ஏரியிலிருந்து சினூக் சால்மன் மேலே ஏறத் தொடங்கிவிடும். லைப்ரரியில் சந்திக்கிற நாங்கள் சிலர் மோர்னிங்சைட் பார்க்குக்குப் போய்ப் பார்த்தோம். கணுக்கால் தண்ணீரில் முதுகு வெளியே தெரிய, கல்லில் மோதி மோதி வருகின்றன. ஒரு பெண் மீன் பக்கவாட்டில் சரிந்து வாலால் சரளைக்கல்லைக் கிளறிக் குழி பறித்தது. பறித்துப் பறித்து வால் தேய்ந்து வெள்ளையாகிவிட்டது. முட்டையிட்ட பிறகு உயிரோடு திரும்பிப் போவதில்லை. கரையெல்லாம் நாற்றம், கடற்காகங்களுக்கு விருந்து. இந்த ஏரியின் சொந்த அட்லாண்டிக் சால்மன் பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியமுன்பே அழிந்துவிட்டதாம். இப்போது வருவது 1960களின் கடைசியில் பசிபிக் பக்கத்து இனத்தைக் கொண்டுவந்து விட்டதன் வழி வந்தவை. இதைக் கேட்டதும் எங்களோடு வந்த வாத்தியார், "அப்ப எங்கட ஆக்கள்தான்" என்றார்.

இனி லைப்ரரி. நீ சின்னனாக இருந்தபோது புத்தகம் பிந்தினால் தண்டக்காசு என்று நான் உன்னைத் துரத்துவேனே, ரொறன்ரோ முழுக்க இப்போது அதை எடுத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு அன்ரி இப்போது பேரப்பிள்ளைகளுக்குப் பை நிறைய அள்ளிக்கொண்டு போகிறா. தமிழ்ப் புத்தகத் தட்டுக்குப் பக்கத்து நாற்காலி அந்த வாத்தியாருடையது. வேறு யாராவது இருந்தால் அவர் பேப்பரை விரித்துக்கொண்டு நின்றே வாசிப்பார், அவர்கள் எழும்பும்வரை.

காலையில் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை நேரம். அவர்கள் ஒட்டி விளையாட இலை பொறுக்கிக் கொடுப்பது என் வேலை. சுகர் மேப்பிள் இலை கிடைத்தால் எனக்குப் பெருமை. நோர்வே மேப்பிள் கடைசிவரை பச்சையாக நின்று, பிறகு மஞ்சளாகும்; அதில் தார் தெறித்த மாதிரிக் கறுப்புப் பொட்டுகள், ஒருவகைப் பூஞ்சை. நான் அதை ஒதுக்கினேன். ஒரு பொடியன் அதைத்தான் வேண்டும் என்று எடுத்து, ஒவ்வொரு பொட்டுக்கும் கால் கீறிப் பூச்சியாக்கிவிட்டான்.

நிறம் ஏன் மாறுகிறது என்று பிள்ளைகள் கேட்டதற்கு நூலகர் சொன்னதை நானும் கவனமாகக் கேட்டுக்கொண்டேன். பகல் குறுகக் குறுக இலைக்காம்பின் அடி மெல்ல அடைபட்டுவிடும். பச்சையம் சிதையும்போது, கோடை முழுக்க மறைந்து கிடந்த மஞ்சள் தெரிகிறது. சிவப்பு அப்படி இல்லை. இலைக்குள் அகப்பட்ட சர்க்கரையிலிருந்து புதிதாக உண்டாவது. பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிரும் இருந்தால் சிவப்பு நன்றாக ஏறும். இந்த வருடம் ஏறியிருக்கிறது. படம் அனுப்பியிருக்கிறேன், ஆனால் படத்தில் பாதிதான் தெரிகிறது.

பின்னேரம் ஆங்கிலம் பேசிப் பழகுகிற குழு. நாற்பது வருடம் இங்கே இருந்துவிட்டு எதற்கு அங்கே போகிறாய் என்று சிரிக்காதே. கதைக்கத்தான் போகிறேன், படிக்க இல்லை. ஹாலோவீனுக்கு வீட்டு வாசலில் எலும்புக்கூடு தொங்கவிடுவது துர்ச்சகுனம் இல்லையா என்று காபூலிலிருந்து வந்த பெண் ஒருத்தி கேட்டா. எங்கள் ஊரில் கட்டிக்கொண்டிருக்கிற வீட்டுக்கு முன்னால் கண்ணூறு படாமல் வைக்கோல் வெருளி கட்டுவோமே, அதைச் சொன்னேன். வைக்கோலுக்கு ஆங்கிலம் வராமல் கையால் காட்ட, எல்லோருக்கும் சிரிப்பு.

நவம்பர் முதல் ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைத்ததும் ஐந்து மணிக்கே இருட்டிவிடும், உண்மைதான். அதற்காகவும் பயப்படாதே. இலை அள்ள ஆள் பிடிக்கிறேன் என்று தொடங்கவும் வேண்டாம். பக்கத்து வீட்டுப் பெடியன் அள்ளிப் பேப்பர் பையில் கட்டி வாசலில் வைக்கிறான், மாநகரசபை லொறி ஏற்றிக்கொண்டு போகிறது. அவனுக்குக் கூலி நான் பொரிக்கிற ரோல்ஸ்தான்.

சரி, தைப்பொங்கல் முடிந்த பிறகு ஒரு நாளுக்கு டிக்கெட் போடு. ஸ்நோ தள்ளுகிற காலம் முழுவதையும் உன்னோடு கழிக்கிறேன், சம்மதம். அதற்குள் உன் வீட்டுக்கு நடந்து போகிற தூரத்தில் லைப்ரரி இருக்கிறதா, விசிட்டர் விசாவில் வருகிறவர்களுக்கும் கார்ட் கொடுப்பார்களா என்று கேட்டு வை.

அன்புடன்,
அம்மா