வாவி கரை: மென்பொருள் படிப்பிக்கிற ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பில் மென்பொருள் படிப்பிக்கிற ஆசிரியர்களுக்கு வணக்கம்.

கல்லடியில் லெப்டொப் திருத்துகிறவன் நான். போன கிழமை ஒரு மாணவி கடைக்கு வந்தா. "அண்ணா, படிப்பு போல்டரைக் காணல்ல. வைரஸ் போல." மூன்று வருடக் குறிப்பு, ஒப்படை எல்லாம் அதற்குள்தானாம்.

வைரஸ் இல்லை. வகுப்பில் கொடுத்த பில்ட் ஸ்கிரிப்ட், அதாவது எழுதிய நிரலை ஓடக்கூடிய மென்பொருளாக்கும் கட்டளைக் கோப்பு. பழைய பில்டைத் துடைக்க அதில் ஒரு வரி: ஆர்எம் மைனஸ் ஆர்எஃப் (கேட்காமலே போல்டரை உள்ளதோடு அழிக்கும் கட்டளை), அடுத்து ஸ்கிரிப்ட் நிற்கிற போல்டரின் முழுப்பாதை, கடைசியில் 'அவுட்'. மேற்கோள் குறி எங்கும் இல்லை. புரொஜெக்ட் கிடந்ததோ டி டிரைவில், 'படிப்பு புது' என்ற போல்டருக்குள். ஸ்கிரிப்டின் கட்டளைகளை வாசித்து ஓட்டுகிற கிட் பாஷ் என்ற ஷெல், இடைவெளி வந்த இடத்தில் பாதையை இரண்டாக வெட்டிவிட்டது. முதல் துண்டு, பக்கத்தில் இருந்த 'படிப்பு'. மற்றத் துண்டுக்கு அப்படி ஒரு போல்டரே இல்லை. ஆனால் 'எஃப்' போட்டால் இல்லாததைப் பற்றி ஆர்எம் வாய் திறக்காது. 'படிப்பு' முழுசாகப் போனது, பில்டும் வெற்றி என்று காட்டியது. ரீசைக்கிள் பின்னிலும் இல்லை. எஸ்எஸ்டி வேறு, அழித்த கோப்புகளின் இடத்தை வெறுமையாக்கும் ட்ரிம் தன் வேலையை முடித்திருந்தது. ஒரு கோப்பைக்கூட என்னால் மீட்க முடியவில்லை.

அனுபவசாலிகளுக்கும் நடந்ததுதான். 2011இல் பம்பிள்பீ என்ற லினக்ஸ் மென்பொருளின் நிறுவல் ஸ்கிரிப்டில் 'யூஎஸ்ஆர்' என்பதற்குப் பின்னால் தவறி விழுந்த ஒரேயொரு இடைவெளி, பாவித்தவர்களின் மென்பொருள்கள் கிடக்கும் யூஎஸ்ஆர் போல்டரையே துடைத்தது.

"பெயரில் இடைவெளி விடாதே என்று சொல்லித்தானே கொடுத்தோம்" என்பீர்கள். விண்டோஸில் கணக்குத் திறக்கும்போதே பிள்ளைகள் தகப்பன் பெயரையும் சேர்த்து அடிக்கிறார்கள். பயனர் போல்டரிலேயே இடைவெளி வந்துவிடுகிறது. பிறகு எங்கே தப்புவது?

பாதையைச் சுற்றி இரட்டை மேற்கோள் போட்டிருந்தால் அந்தப் பிள்ளை அழுதிருக்காது. என் விருப்பம், ஸ்கிரிப்டைப் பைத்தனிலேயே எழுதுங்கள். பைத்தனுக்குள் இருந்து வேறு நிரலை ஓட்டுகிற சப்புரொசஸுக்குக் கொமாண்டை ஒரே சரமாகக் கொடுக்காமல் பட்டியலாகக் கொடுத்தால் ஷெல் நடுவில் வராது, வெட்டவும் ஆளில்லை. போல்டர் அழிக்கப் பைத்தனிலேயே வழி இருக்கிறது. அழிக்க முதல் பாதையைத் திரையில் காட்டி ஒருக்கால் கேட்கட்டும். 'அட்மினாக ஓட்டவும்' என்று குறிப்பில் எழுதுவதையும் தயவுசெய்து விடுங்கள்.

அடுத்த வகுப்புக்கு முதல் வெறும் பென் டிரைவ் ஒன்றில் 'வாவி' என்றொரு போல்டர் திறந்து, வேண்டாத படம் இரண்டைப் போடுங்கள். பக்கத்தில் 'வாவி கரை' என்று இன்னொன்று. ஸ்கிரிப்டை 'வாவி கரை'க்குள் வைத்து ஓட்டுங்கள். பிறகு வாவி இருக்கிறதா என்று பாருங்கள்.